மிங்க்கா, நீர்நாயா

இரவெல்லாம் மாவு பிசைந்த கை
காலை ஆறே காலுக்குத்தான் கோட்டுப் பைக்குள் போகிறது.
டயர் கடைக்குப் பின்னால், வேலிக் கம்பி கிழிந்த இடத்தில்
குனிந்து நுழைந்தால் கெல்லர் ஓடை.
வரைபடத்தில் அது ஒரு தலைமுடி.
என் கால் கணக்கில்
பாலத்துக்குப் பாலம் இரண்டாயிரத்து நூறு அடி.

ஓரிகனில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை,
பெய்யாத நாளைத்தான் சொல்வார்கள்.
அக்டோபரில் ஓடைக்கு
ஆறிப்போன தேநீரின் நிறம்,
அடியில் யாரோ செம்புக் காசுகளை உதறிவிட்டுப் போனதுபோல்
ஆல்டர் இலைகள்.
சேற்றில் ரக்கூனின் கைகள்.
கால்கள் என்று சொல்ல மனம் வராது,
அத்தனை குழந்தைக் கைகள்.

நாரை இருக்கிறது.
அங்காடித் தள்ளுவண்டி ஒன்று தலைகுப்புற மூழ்கிய மடுவில்
கைப்பிடி மேல் ஒற்றைக் காலில்,
வாடகை கட்டிவிட்ட நிம்மதியோடு.

மீன்கொத்தி வேறு ரகம்.
துருப்பிடித்த சாவிக்கொத்தைக் குலுக்குவதுபோல் கத்திக்கொண்டு
தண்ணீரின் நீளத்தை ஒரே கோடாய் அளந்துவிட்டுப் போகும்.
பெண்ணுக்கு மட்டும் நெஞ்சில் செங்கல் நிறப் பட்டை உண்டாம்.
சொன்னவர் ஒரின் டீக்.

முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
கழுத்தில் தொங்கும் பைனாகுலரில் ஒரு குழல் உடைந்தது.
நான்கு வருடமாக இதே பாதையில் எதிரெதிரே வருகிறோம்.
அவர் வீடு எது, வீட்டில் யார், எனக்குத் தெரியாது.
என் வேலையை
என் காலணியின் மாவிலிருந்து அவர் ஊகித்திருக்கலாம்.
எங்களுக்குள் இருப்பது ஒரே ஒரு சண்டை.

முதல் வருடம், இரண்டாம் பாலத்தடியில்,
கறுப்பாய், ஈரமாய், முழத்துக்குச் சற்று மேலாய்
ஏதோ ஒன்று கல்லிலிருந்து கல்லுக்கு ஒழுகியது.
"நீர்நாய்," என்றார்.
"மிங்க்," என்றேன்.
"வாலைப் பார்த்தியா? அடி தடிமன்."
"மோவாயில் வெள்ளைப் புள்ளி. மிங்க்."

அன்றோடு வணக்கம் சொல்வதை விட்டோம்.
"நீர்நாய் வந்துச்சா?" என்பார்.
"மிங்க் போச்சு," என்பேன்.
ஒருமுறை காய்ச்சலில் அவருக்குக் குரல் போயிருந்தது.
விரலால் தன் மோவாயைத் தொட்டுக் காட்டி
இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

நேற்று
மூடுபனிக்குத் தண்ணீரை விட்டு எழ மனமில்லை.
நாரை இல்லை. கைப்பிடி மட்டும்.
அதற்கு அப்பால் ஓடை தானாகவே மடிந்தது.
ஒரு தலை. பிறகு முதுகு, பிறகும் முதுகு,
முடியவே முடியாத முதுகு,
கடைசியில் மண்வெட்டிப் பிடிபோல் தடித்த வால்.
பின்னாலேயே இன்னொன்று, சிறியது.
பெரியது ஓடை நண்டைக் கடித்தது.
முறுகிய ரொட்டியின் மேல்தோல் உடைகிற சத்தம்.
அந்தச் சத்தத்தில் நான் ஏமாற மாட்டேன்.
பிறகு மூச்சு விட்டது,
கனத்த மனிதர் சோபாவில் உட்காருகிற மூச்சு.
சிறியது என் பக்கம் திரும்பி
மீசையிலிருந்த ஓடையை உதறியது.

மிங்க் இல்லை.
எந்தக் கணக்கிலும் மிங்க் இல்லை.

முதல் பாலத்தில் ஒரின்.
தொப்பி விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.
"நீர்நாய் வந்துச்சா?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது, வாலோடு.
கொடுத்துவிட்டால்
நாளை ஆறே காலுக்கு இவர் என்ன கேட்பார்?
வானிலையா?
அதுமட்டுமில்லை, மறைப்பானேன்,
நான்கு வருடம் தோற்காத வாய் இது.

"மிங்க்," என்றேன். "ரெண்டு."

"ரெண்டா?"

மூன்றடி தூரத்தில் நின்ற என்னை
பைனாகுலரின் நல்ல குழல் வழியே
கொஞ்ச நேரம் பார்த்தார்.
மிங்க் தனியாகத்தான் திரியும்.
அதை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

"ரெண்டு மிங்க்," என்றார் மெதுவாக,
சில்லறையை எண்ணி வாங்குகிறவர்போல்.
பிறகு தள்ளுவண்டி மடுவை நோக்கி
அவர் முழங்காலுக்கு ஆகாத வேகத்தில்
நடக்கத் தொடங்கினார்.